இந்தப் பானை எந்த ஊர் மண்?

சென்னையிலிருந்து திருப்பதி போகும் நெடுஞ்சாலையில், திருவள்ளூரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பட்டரைப்பெரும்புதூர் சுங்கச்சாவடி வருகிறது. திருத்தணிக்கும் திருப்பதிக்கும் போகிறவர்கள் அந்த ஊரை அந்தச் சாவடியை வைத்துத்தான் அறிவார்கள். தொல்லியல்காரர்களுக்கு அது வேறு ஊர். கொசஸ்தலை ஆற்றை ஒட்டிய அந்த மண்ணில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2010-களின் நடுவில் அகழாய்வைத் தொடங்கியது. 2023-லும் மீண்டும் தோண்டியது. பழைய கற்காலக் கருவிகளில் தொடங்கி இரும்புக் காலம், சங்க காலம் எனப் பல காலத்து மனிதர்கள் அங்கே விட்டுச் சென்றவை கிடைத்தன. சுடுமண் உறைகிணறு வந்தது; தமிழி எழுத்து கீறிய ஓடுகள் வந்தன. எல்லா அகழாய்வுக் குழிகளையும் போலவே அங்கும் மிகுதியாக வந்தவை உடைந்த பானை ஓடுகள்தாம்: கருப்பு-சிவப்பு ஓடுகள், வெறும் சிவப்பு ஓடுகள், சாம்பல் நிற ரௌலட்டட் ஓடுகள், மத்தியதரைக் கடல் நாடுகளின் சாடி வகையைச் சேர்ந்தவையாகக் கருதப்பட்ட ஆம்போரா துண்டுகள்.

இந்தக் குவியலைப் பார்க்கும் எவருக்கும் முதலில் தோன்றும் கேள்வி, இவை எவ்வளவு பழையவை என்பது. செய்தித்தாள்களும் அதைத்தான் கேட்கின்றன. ஆனால் அதைவிடக் கடினமான கேள்வி ஒன்று இருக்கிறது. இந்த ஓடு எங்கே பிறந்தது? இதே ஆற்றங்கரை மண்ணில் வனைந்ததா, காஞ்சிபுரத்திலிருந்து மாட்டுவண்டியில் வந்ததா, வங்கக் கரையிலிருந்து கப்பலில் இறங்கியதா? இந்தக் கேள்விக்குத் தமிழகத் தொல்லியல் பல பத்தாண்டுகளாக அனுமானத்தால் விடை சொல்லி வந்தது. அந்த அனுமானங்களில் சில பெரிதும் தவறிப்போயின. ஒரு தவறான பிறப்பிடம், கிழக்குக் கரையின் பாதி ஊர்களுடைய காலத்தையே மாற்றிவிட்டது.

முதலில் நிறத்தை எடுத்துக்கொள்வோம். உள்ளேயும் வாய்ப்புறமும் கருப்பு, வெளியே அடிப்பகுதி சிவப்பு என்று இருக்கும் கலங்கள் தமிழகத்து இரும்புக் கால ஈமக்குழிகளில் கிடைக்காத இடமில்லை. பார்த்தவுடனே ‘தமிழ்ப் பானை’ என்று சொல்லத் தோன்றும். அதே இரு நிறக் கலங்கள் ராஜஸ்தானிலும் குஜராத்திலும் வங்கத்திலும் கிடைக்கின்றன. சில இடங்களில் தமிழகத்தைவிடப் பழைய அடுக்குகளிலேயே கிடைக்கின்றன. காரணம் எளிது. அந்த இரண்டு நிறமும் நெருப்பின் வேலை. பானையைக் கவிழ்த்து வைத்து, உள்ளே உமியோ இலை தழையோ அடைத்துச் சுட்டால், காற்றுப் புகாத உட்புறமும் வாயும் புகைக்கரி ஏறிக் கருக்கும். காற்றுப்படும் வெளிப்புறத்தில் களிமண்ணிலுள்ள இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்து சிவக்கும். கவிழ்த்துச் சுடும் முறை என்று அகழாய்வு அறிக்கைகள் சொல்வது இதைத்தான். இரும்புச் சத்துள்ள களிமண் எங்கிருந்தாலும், இந்த நுட்பம் அறிந்த கை எங்கிருந்தாலும், இந்தக் கலம் உருவாகும். ஆகவே நிறம் சூளையின் கதையைச் சொல்லுமே தவிர ஊரின் பெயரைச் சொல்லாது.

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், சான் இல்டிஃபோன்சோ என்ற பூர்வகுடி ஊரில், மரியா மார்ட்டினெஸ் என்ற பெண்ணும் அவர் கணவர் ஜூலியனும் சுமார் நூறாண்டுக்கு முன்பு மின்னும் கருப்புக் கலங்களை மீண்டும் செய்யத் தொடங்கினார்கள். எரிகிற சூளைமேல் உலர்ந்த சாணத்தூளைக் கொட்டிக் காற்றை அடைத்துவிடுவார்கள்; சிவக்க வேண்டிய பானை கருத்து வெளிவரும். ஆதிச்சநல்லூர் தாழிக்குள் வைத்த கலத்துக்கும் அந்தக் கலத்துக்கும் எந்த உறவும் இல்லை. இரண்டின் வேதியியலும் ஒன்றே.

அந்தப் பூர்வகுடி ஊர்களைத்தான் பியூப்ளோ என்கிறார்கள். பானையின் பிறப்பிடத்தைத் தேடும் முறைக்கு அந்த ஊர்களிலிருந்தே ஒரு பெரிய பாடம் கிடைத்தது. பெக்கோஸ் என்ற பழைய பியூப்ளோவை ஆல்ஃபிரட் கிடர் 1915-லிருந்து பல ஆண்டுகள் அகழ்ந்தார். ஒவ்வொரு பியூப்ளோவிலும் பெண்கள் தம் வீட்டுக்கு வேண்டிய பானையைத் தாமே செய்துகொண்டார்கள் என்பதே அன்றைய பொது நம்பிக்கை. அன்னா ஷெப்பர்டு என்ற ஆய்வாளர் அந்த ஓடுகளைக் காகிதத்தைவிட மெல்லியதாக, 0.03 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, நுண்ணோக்கியின் அடியில் வைத்தார். களிமண் வெடிக்காமல் இருக்கக் குயவர்கள் சேர்க்கும் பொடிக்கல்லும் மணலும் அந்த மெல்லிய வெட்டில் ஒவ்வொன்றாகத் தெரியும். பெக்கோஸ் பக்கத்தில் இல்லவே இல்லாத எரிமலைப் பாறைத் துகள்கள் பெக்கோஸ் ஓடுகளுக்குள் கிடந்தன. பானைகள் வேறு ஊர்களில் செய்யப்பட்டு, விலைக்கோ பண்டமாற்றுக்கோ வந்தவை என்பது அதன்மூலம் தெரிந்தது. ரியோ கிராண்டே பள்ளத்தாக்கின் பளபளப்பு வண்ணக் கலங்களைப் பற்றி ஷெப்பர்டு 1942-ல் எழுதிய ஆய்வு, தன்னிறைவான ஊர்கள் என்ற சித்திரத்தையே குலைத்தது. வடிவத்தையும் ஓவியத்தையும் பார்த்து முடிவுசெய்தவர்களுக்குத் தெரியாத ஒன்று, மண்ணுக்குள் கலந்த கல்லைப் பார்த்தவருக்குத் தெரிந்தது.

தமிழ்க் கடற்கரையில் இதற்கு நேரெதிரான ஒன்று நடந்தது.

1944-ல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராக வந்த மார்ட்டிமர் வீலர், சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் அலமாரி ஒன்றில் ஆம்போரா துண்டைக் கண்டார். அது புதுச்சேரிக்குத் தெற்கே அரிக்கமேட்டிலிருந்து வந்திருந்தது. மறு ஆண்டே அவர் அரிக்கமேட்டை அகழ்ந்தார். அங்கே இத்தாலியின் அரெஸ்ஸோ நகரோடு தொடர்புடைய சிவப்பு மெருகுக் கலங்கள் கிடைத்தன. சில துண்டுகளில் செய்தவரின் லத்தீன் முத்திரையும் இருந்தது. அந்தக் கலங்களின் காலம் ஐரோப்பாவில் நன்கு தெரியும் என்பதால், இந்திய மண்ணடுக்கு ஒன்றுக்குக் கி.பி. முதல் நூற்றாண்டு என்று உறுதியாகத் தேதி போட முடிந்தது. தென்னிந்தியத் தொல்லியலுக்கு அது பெரிய கொடை. அதுவரை இங்கே எந்தப் பானைக்கும் நம்பகமான காலம் கிடையாது.

சிக்கல் அங்கேயே பிறந்தது. அரிக்கமேட்டில் வேறொரு கலமும் ஏராளமாகக் கிடைத்தது. சாம்பல் அல்லது கருப்பு நிறம், வழவழப்பான மேனி, அகன்ற தட்டு வடிவம். தட்டின் உட்புறம் நடுவில் சிறு சிறு வெட்டுகளாலான வட்ட வரிசைகள். சக்கரம் சுழலும்போது பல் வைத்த சிறு உருளையையோ துள்ளும் தகட்டையோ வைத்துப் போடும் அலங்காரம் அது. அதைத்தான் ரௌலட்டட் என்கிறார்கள். இந்த அலங்காரம் இந்திய மரபில் இல்லை, மத்தியதரைக் கடல் நாடுகளில் உண்டு என்பது வீலரின் வாதம். ஆகவே இது அங்கிருந்து வந்த கலம், அல்லது வந்ததைப் பார்த்து இங்கே செய்த கலம் என்று அவர் எழுதினார். உரோமத் தொடர்போடு அதன் காலமும் கி.பி. முதல் நூற்றாண்டில் பூட்டப்பட்டது.

அதன் பிறகு கிழக்குக் கரையில் எந்தக் குழியில் ரௌலட்டட் ஓடு வந்தாலும் “உரோம வணிகம், கி.பி. முதல் நூற்றாண்டு” என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. காவிரிப்பூம்பட்டினம், காஞ்சிபுரம், அழகன்குளம் என்று பட்டியல் நீண்டது. அதே அடுக்கில் கிடைத்த தமிழி எழுத்துகளின் காலமும் அந்தத் தட்டோடு சேர்ந்து பிற்காலத்துக்கு இழுக்கப்பட்டது. ஒரு தட்டின் பிறப்பிடத்தைப் பற்றிய ஊகம், எழுத்தறிவின் வரலாற்றையே கட்டிப்போட்டது என்று சொன்னால் மிகையாகாது.

அந்தக் கட்டை அவிழ்த்தவர்களில் முதன்மையானவர் விமலா பெக்லி. அவர் 1988-ல் எழுதிய கட்டுரையில் அரிக்கமேட்டு ரௌலட்டட் கலங்களைத் திரும்ப ஆராய்ந்தார். வடிவம், மண், சுட்ட முறை எல்லாம் இந்தியக் கலத்துக்கே உரியவை, அலங்கார உத்தி வெளியிலிருந்து கற்றதாக இருந்தாலும் கலம் இந்த மண்ணில் பிறந்தது என்று வாதிட்டார். சென்னைப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து 1989 முதல் 1992 வரை அரிக்கமேட்டை மீண்டும் அகழ்ந்தபோது, அந்த ஊரின் தொடக்கமே வீலர் சொன்னதைவிட முந்தையது என்பதும் தெரிந்தது. இலங்கையின் அனுராதபுரத்தில் ராபின் கோனிங்காம் குழு நடத்திய அகழாய்வு, ரௌலட்டட் கலம் உரோம வணிகம் இங்கே சூடுபிடிப்பதற்கு வெகு முன்பே புழக்கத்தில் இருந்ததைக் காட்டியது. உரோமக் கப்பல்கள் வருமுன்பே இருந்த தட்டை உரோமர்கள் எப்படிக் கொண்டுவந்திருக்க முடியும்?

சரி, இந்தியத் தட்டு என்றாகிவிட்டது. இந்தியாவில் எங்கே? இங்கேதான் ஆய்வுக்கூடங்கள் உள்ளே வந்தன. இந்தோனேசியாவின் பாலித் தீவில், செம்பிரான் என்ற கடற்கரை ஊரில் ரௌலட்டட் ஓடுகள் கிடைத்ததை ஆர்திகாவும் பீட்டர் பெல்வுட்டும் 1991-ல் வெளியிட்டார்கள். தனிமங்களை அளக்கும் நியூட்ரான் கிளர்வுப் பகுப்பாய்வில் பாலி ஓடும் அரிக்கமேட்டு ஓடும் அனுராதபுரத்து ஓடும் நெருங்கிய உறவாக வந்தன. மூன்றும் ஒரே மூலத்திலிருந்து போயிருக்கலாமோ என்ற கேள்வியை அவர்கள் 1993-ல் எழுப்பினார்கள். புனே டெக்கான் கல்லூரியின் வி.டி. கோக்டே, எக்ஸ் கதிர் மூலம் கனிமங்களைப் பார்த்து, அந்த மூலம் வங்கத்தில் சந்திரகேதுகர்–தாம்லுக் பகுதி என்று 1997-ல் சொன்னார். 2005-ல் ஃபோர்டு, கோனிங்காம் முதலியோரின் வேதியியல் ஆய்வும் ரௌலட்டட்டையும் அதன் உறவுக் கலங்களையும் ஒரே பகுதியின் மண்ணாகவே கண்டது. கங்கைச் சமவெளி வண்டலா, அல்லது கிழக்குக் கரையின் வேறொரு ஆற்று முகத்துவாரமா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. ஆனால் முடிந்துபோன விஷயம் ஒன்று உண்டு: எகிப்தின் பெரெனிகே துறைமுகத்திலிருந்து பாலி வரை பரவிய இந்த நேர்த்தியான தட்டு வங்கக் கடலைச் சுற்றிய உலகத்தின் பிள்ளை. பட்டரைப்பெரும்புதூரில் கிடைக்கும் ஒவ்வொரு ரௌலட்டட் துண்டையும் இனி உரோமுக்கான சாட்சியாக எழுத முடியாது. இந்தியக் கரையோரத்தின் உள்வணிகத்துக்கான சாட்சியாக எழுத வேண்டும்.

ஆம்போராவின் கதையும் இப்படியே திரும்பியது. அடி கூம்பி, இரண்டு காதுகளோடு, திராட்சை மதுவும் எண்ணெயும் நிரப்பிக் கப்பலில் அடுக்கிய சாடி அது. அரிக்கமேட்டு ஆம்போராக்களில் ஒரு பகுதி இத்தாலியின் நேப்பிள்ஸ் வளைகுடாவைச் சேர்ந்தவை என்பதில் ஐயமில்லை. வெசூவியஸ் எரிமலை உமிழ்ந்த கரும் மணல் அந்தச் சாடிகளின் மண்ணில் வெறும் கண்ணுக்கே தெரியும். அதே சமயம், இந்தியாவில் ‘ஆம்போரா’ என்று பதிவான துண்டுகளை ராபர்ட்டா டோம்பர் ஊர் ஊராகப் போய்ப் பார்த்து, பல துண்டுகள் உரோமச் சாடிகளே இல்லை என்று 2007-ல் எழுதினார். காது இல்லாமல், உள்ளே நிலக்கீல் பூசிய அந்தச் சாடிகள் மெசபத்தோமியா, பாரசீக வளைகுடாப் பகுதியைச் சேர்ந்தவை. அனுராதபுரத்தில் கிடைத்த அத்தகைய சாடிகளின் உட்பூச்சைச் சோதித்தபோது அந்த நிலக்கீல் ஈரானின் சூசா பக்கத்து ஊற்றுகளோடு பொருந்தியது. மண் சொல்லாததைப் பூச்சு சொன்ன அருமையான சான்று இது. இவை இரண்டிலும் சேராத மூன்றாவது வகையும் உண்டு. பாலாறு கடலில் சேருமிடத்துக்குப் பக்கத்தில் வசவசமுத்திரத்தில் கிடைத்த கூம்படிச் சாடிகள் ஆம்போராவைப் பார்த்து இங்கேயே செய்யப்பட்டவை. உரோமச் சாடி, பாரசீகச் சாடி, நம்மூர்ச் சாடி என்று மூன்றுக்கும் தோற்றத்தில் ஒற்றுமை. மூன்றையும் ஒரே பெயரில் எழுதினால் மூன்று வணிக வரலாறுகள் ஒன்றாகிப் போகும். திருவள்ளூர் மாவட்டத்துத் துண்டுகளையும் இந்தக் கண்ணோடு மறுபடி பார்க்க வேண்டும்.

எழுத்து கீறிய ஓட்டைப் பார்த்தால் பிறப்பிடம் தெரிந்துவிடும் என்று நினைப்பதும் பொதுவான மயக்கம். பானை ஓட்டில் இருக்கும் பெயரும் குறியீடும் பெரும்பாலும் சுட்ட பிறகு கீறப்பட்டவை. கீறியவர் பானைக்கு உரியவர், குயவர் அல்லர். ஈரமண்ணில் போட்ட குறியாக இருந்தால் அது குயவருடையது, அதற்கு மதிப்பு வேறு. எகிப்தின் குசேர் அல் காதிமில் 2007-ல் தமிழி எழுத்தோடு ஒரு சாடித் துண்டு கிடைத்தபோது ஐராவதம் மகாதேவன் அதைப் படித்தார். உறியில் தொங்கும் பானை என்ற பொருள் வந்தது. படிப்பு மட்டும் போதவில்லை. அந்தச் சாடி இந்தியாவில் செய்யப்பட்ட சேமக்கலம் என்பதை மண்ணைப் பார்த்து டோம்பர் சொன்ன பிறகே, எழுதியவரோடு பானையும் இங்கிருந்து போனது உறுதியானது. பெரெனிகே கோயிலில் கிடைத்த இந்தியச் சாடிக்குள் 7.55 கிலோ மிளகு இருந்தது. அங்கே எழுத்தே தேவைப்படவில்லை.

இனி திருவள்ளூர் மண்ணுக்கு வரலாம். ஒரு பகுதியின் மண்ணை இன்னொரு பகுதியின் மண்ணிலிருந்து பிரிக்க முடிந்தால்தான் பிறப்பிட ஆய்வு எடுபடும். இந்த விதியில் திருவள்ளூர் கொடுத்துவைத்த மாவட்டம். வடமேற்கே நகரி மலைகள் குவார்ட்சைட் பாறையால் ஆனவை. சத்தியவேடு, அல்லிக்குழிப் பக்கம் கூழாங்கற்கள் ஒட்டி இறுகிய திரள்பாறை. அத்திரம்பாக்கத்தில் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன் கைக்கோடரி செய்தவர்கள் எடுத்த குவார்ட்சைட்டும் இந்த வட்டாரத்துக் கல்தான். நகரி ஆறு அந்த மலையைக் கரைத்துக் கொண்டுவந்து கொசஸ்தலையோடு சேர்க்கிறது. ஆரணியாறு சத்தியவேட்டுப் பக்கத்து மணலை ஊத்துக்கோட்டை வழியாகப் பழவேற்காட்டுக்குக் கொண்டுபோகிறது. தெற்கே போனால் நிலம் மாறிவிடுகிறது. பல்லாவரத்தில் இருப்பது சார்னோகைட்.

அந்தப் பெயருக்குப் பின்னாலேயே ஒரு பிறப்பிட ஆய்வு இருக்கிறது. கொல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேய அதிகாரியின் கல்லறைப் பலகையை நிலவியலாளர் தாமஸ் ஹாலண்டு 1890-களில் ஆராய்ந்து, அது சென்னைப் பக்கத்துப் பல்லாவரத்துக் கல் என்று கண்டார். அந்தப் பாறை வகைக்கே சார்னாக்கின் பெயரை வைத்தார். கல்லறைப் பலகைக்குச் செய்ததைப் பானைக்கும் செய்யலாம். பல்லாவரம், குன்றத்தூர் பக்கத்து மணலைக் கலந்து செய்த பானையில் சார்னோகைட்டில் உள்ள ஹைபர்ஸ்தீன் என்ற கனிமம் தெரிய வாய்ப்பு உண்டு. நகரிப் பக்கத்து மணல் கலந்த பானையில் குவார்ட்ஸ் மிகுந்திருக்கும். பழவேற்காட்டுக் காயல் சேற்றில் சிப்பித்தூள் இருக்கும். அத்தகைய சுண்ணம் கலந்த மண் சூளையில் வெடிக்கும் என்பதால் தேர்ந்த குயவர் அதைத் தவிர்ப்பார். ஒரு கைப்பிடி மணல்துகள், பானையைத் தெற்கா வடக்கா என்று பிரித்துக் காட்டக்கூடிய நிலப்பகுதி இது.

இதைச் செய்து காட்டிய முன்மாதிரி தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. கீழடி ஓடுகள் இத்தாலியின் பீசா பல்கலைக்கழகப் புவியியல் துறைக்கு அனுப்பப்பட்டன. தண்ணீர்ப் பானையும் சமையல் பானையும் அந்தப் பகுதியில் கிடைத்த மண்ணாலேயே செய்யப்பட்டன, கி.மு. ஆறாம் நூற்றாண்டிலிருந்து கி.மு. இரண்டாம் நூற்றாண்டு வரை அதே மூலப்பொருளும் நுட்பமும் தொடர்ந்தன என்று 2019-ல் வந்த அறிக்கை பதிவு செய்கிறது. நானூறு ஆண்டுகள் ஒரே மண்ணைத் தேர்ந்தெடுத்த குயவர் மரபு என்பது எந்தக் கல்வெட்டும் தராத செய்தி. வைகைக்குக் கிடைத்த இந்த அறிவு கொசஸ்தலைக்கும் ஆரணியாற்றுக்கும் கிடைக்க வேண்டும்.

திருவள்ளூர் மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டி வட்டாரத்துக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. அங்குள்ள அமிர்தமங்கலத்தில் இந்தியத் தொல்லியல் துறை 1954-55-லேயே தாழிப் புதைகுழிகளை அகழ்ந்தது. தாழியைப் பொறுத்தவரை பிறப்பிடம் எளிது என்று தோன்றும். ஆள் உட்காரும் அளவு பெரிய கலத்தை யார் தூக்கிக்கொண்டு அலைவார்கள், பக்கத்து ஊரில்தான் செய்திருப்பார்கள் என்பது நியாயமான ஊகம். தாழி செய்யும் குயவரை நேரடியாக விளிக்கும் பாடல்கள் புறநானூற்றில் இருக்கின்றன. ஊருக்குக் குயவர் அத்தனை நெருக்கம். ஆனால் தாழிக்குள் வைத்த சிறு கலங்களும் அதே சூளையிலிருந்து வந்தவையா? இறந்தவருக்கு உறவினர் தூரத்து ஊர்களிலிருந்து கொண்டுவந்து வைத்த கலங்களாக இருந்தால், ஒரே குழிக்குள் பல ஊர் மண் இருக்கும். தாழியின் மண்ணையும் உள்ளிருக்கும் கலத்தின் மண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரும்புக் காலத்து உறவுமுறையின் எல்லை எவ்வளவு தூரம் என்பதுவரை கேட்க முடியும். சென்னையைச் சுற்றிப் பல்லாவரம் முதலிய இடங்களில் கிடைத்த, கால் வைத்த சுடுமண் ஈமப்பேழைகளுக்கும் இது பொருந்தும்.

மண்ணைப் பற்றி ஆய்வுக்கூடத்துக்கு முன்பே அறிந்தவர்கள் குயவர்கள். மானுடவியலாளர் டீன் அர்னால்டு உலகெங்கும் நூற்றுக்கும் மேற்பட்ட குயவர் ஊர்களின் தகவலைத் தொகுத்து, அவர்களில் பெரும்பாலோர் களிமண்ணை 7 கிலோமீட்டருக்குள்ளிருந்தே எடுக்கிறார்கள் என்று காட்டினார். தமிழ்நாட்டுக் குயவர்களான வேளார்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஏரி வண்டல் ஒன்று, ஒட்டுத்தன்மையுள்ள களி ஒன்று, அளவாய்ச் சலித்த மணல் கொஞ்சம் என்று கலந்து மிதித்துப் பதப்படுத்துவது அவர்கள் வழக்கம். எந்த ஏரியின் எந்த மூலை மண் சட்டிக்கு ஆகும், எது பானைக்கு ஆகும், எது அடுப்பில் விரியும் என்பது கைவழி வந்த அறிவு. பல்லவர் செப்பேடுகளில் வரும் குசக்காணம் என்ற வரி, அந்தத் தொழில் அரசு கணக்கில் ஏறும் அளவு நிலைபெற்றிருந்ததைக் காட்டுகிறது. ஆய்வாளருக்கு இந்தக் கலவை சிக்கலையும் கொடுக்கும். இரண்டு ஏரி மண்ணைக் கலந்து செய்த பானையின் வேதிக்கணக்கு எந்த ஒரு ஏரியோடும் பொருந்தாது. குயவரிடம் கேட்காத ஆய்வாளர், இல்லாத ஓர் ஊரைத் தேடி அலைய நேரும்.

பிறப்பிடம் இன்றைய குயவருக்கும் சோற்றுப் பிரச்சினைதான். மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு ஊரில் செய்ததை அந்தப் பெயரில் விற்கக் கூடாது. கடம் என்ற தாள வாத்தியத்தைத் தட்டிப் பார்த்தே மானாமதுரையா வேறு ஊரா என்று சொல்லும் வித்வான்கள் உண்டு; ஆனால் வழக்கு என்று வந்தால் காதை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்ல முடியாது. பியூப்ளோ மக்களும் இதே சங்கடத்தில் இருந்தார்கள். அச்சில் வார்த்த போலிக் கலங்கள் அவர்கள் பெயரில் விற்கப்பட்டன. பூர்வகுடியினர் செய்யாததை அவர்கள் செய்ததாக விற்பதை அமெரிக்கச் சட்டம் 1990-லிருந்து கடுமையாகத் தண்டிக்கிறது. பழைய ஓட்டின் தனிமங்களை அளக்கும் எக்ஸ் கதிர் ஒளிர்வுக் கருவி புதிய கடத்துக்கும் பயன்படும்.

கருவிகளின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். கையில் பிடித்துச் சுடும் எக்ஸ் கதிர்க் கருவி இப்போது எளிதாகக் கிடைக்கிறது. ஓட்டை உடைக்காமல் சில நிமிடங்களில் தனிமங்களின் அளவைத் தருகிறது. அது மேல்தோலை மட்டுமே பார்க்கும். இரண்டாயிரம் ஆண்டு மண்ணுக்குள் கிடந்த ஓட்டில் வெளியிலிருந்து பாஸ்பரசும் உப்பும் ஏறியிருக்கும். பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பக்கத்துக் கடலோர மண்ணில் இது இன்னும் அதிகம். சிவக்கப் பூசிய செம்மண் கரைசலின் இரும்பு, உள்மண்ணின் இரும்பை மறைக்கும். புதிதாக உடைந்த முகத்தைப் பார்க்க வேண்டும். மெல்லிய வெட்டு ஒன்றாவது எடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், எந்த எண்ணும் தனியாக நின்று ஊர்ப்பெயரைச் சொல்லாது. ஒப்பிட்டுப் பார்க்க அந்தந்த ஊர் மண்ணும், சூளை இருந்த இடங்களில் கருகியும் கோணியும் வீசப்பட்ட கழிவுக் கலங்களும் வேண்டும். சூளையில் கெட்டுப்போன பானையை யாரும் ஊர்விட்டு ஊர் கொண்டுபோக மாட்டார்கள் என்பதால், அதைப் போல நம்பகமான சாட்சி வேறில்லை. நம் அகழாய்வுகளில் இத்தகைய கழிவுகள் தனிப் பெட்டியில் சேமிக்கப்பட்டு, அழகான ஓடுகளுக்கு இணையாக எண் பெற வேண்டும்.

ஒப்பீட்டு மண்தான் இப்போது அவசரமான விஷயம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டும், அதற்குப் பின் வந்த தேர்வாய்கண்டிகைத் தொழிற்பூங்காவும் வட்டாரத்தின் பெரும் பரப்பைச் சமன் செய்து கான்கிரீட்டால் மூடிவிட்டன. 2020 நவம்பரில் திறக்கப்பட்ட கண்ணன்கோட்டை–தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கத்தின் அடியில் பழைய ஏரிகளின் படுகை போயிருக்கிறது. திருவள்ளூர் மாவட்டத்து ஏரிகளிலிருந்து சவுடு மண் லாரி லாரியாகச் சென்னையின் கட்டடங்களுக்கும் சாலைகளுக்கும் போகிறது. தொழிலும் குடிநீரும் மக்களுக்கு வேண்டியவை. ஆனால் ஒரு ஏரியின் வண்டல் முழுவதும் அள்ளப்பட்டு வேறு இடத்து மண் கொட்டப்பட்டால், அந்த ஏரி மண்ணில் வனைந்த இரும்புக் காலப் பானைக்குத் தாய்மண்ணைக் காட்ட எவராலும் முடியாது. மண் அள்ள அனுமதி கொடுக்கும் நேரத்திலேயே ஏரிக்கு இரண்டு மூன்று இடங்களில், ஆழம் குறித்து, ஒரு கிலோ மண் எடுத்து வைப்பதற்குப் பெரிய செலவு இல்லை.

வைப்பதற்கு இடமும் இருக்கிறது. பூண்டி நீர்த்தேக்கத்தின் பக்கத்தில் தொல்லியல் துறை 1985-ல் அமைத்த அகழ்வைப்பகம், கற்காலக் கருவிகளுக்காக மாணவர்கள் தேடிவரும் இடம். அங்கேயே ஓர் அறையில் கொசஸ்தலை, ஆரணியாறு, கூவம் படுகைகளின் களிமண், மணல் மாதிரிகளை வரிசைப்படுத்தலாம். ஒவ்வொன்றையும் இன்றைய வேளார் ஒருவரைக் கொண்டு சிறு ஓடாகத் தட்டி, 600, 700, 800 டிகிரி என்று வெவ்வேறு வெப்பத்தில் சுட்டு வைத்தால், பச்சை மண்ணோடு சுட்ட மண்ணும் ஒப்பீட்டுக்குக் கிடைக்கும். எந்த ஏரி மண்ணை எதனோடு கலப்பார்கள் என்ற குயவரின் குறிப்பும் அதனோடு பதிவாகும். பட்டரைப்பெரும்புதூரின் சாதாரணச் சிவப்பு ஓடுகளிலிருந்து தொடங்க வேண்டும். ரௌலட்டட்டுக்கும் ஆம்போராவுக்கும் பிறகு போகலாம். உள்ளூர்ப் பானையின் கையெழுத்து தெரிந்தால்தான் வெளியூர்ப் பானை தனித்துத் தெரியும். அடுத்து அமிர்தமங்கலத்துத் தாழியும் அதன் உட்கலங்களும். அதன் பின் ரௌலட்டட் துண்டுகளில் நகக்கண் அளவு சில்லுகளை எடுத்து, அரிக்கமேடு, அனுராதபுரம், தாம்லுக் ஓடுகளுக்கு ஏற்கெனவே வெளியான எண்களோடு பொருத்திப் பார்த்தால், வங்கமா வேறு கரையா என்று இழுபட்டுக்கொண்டிருக்கும் விவாதத்தில் கொசஸ்தலைக் கரைக்கும் ஒரு சொல் இருக்கும்.